கொண்டையராஜுவின் நிலம்

கோவில்பட்டி வட்டாரத்துப் பழைய வீடுகளின் பூசையறைகளில் கண்ணாடிச் சட்டம் போட்ட சில சாமி படங்கள் இன்னும் தொங்குகின்றன. பெரும்பாலும் ஒரு லட்சுமி, ஒரு முருகன், ஒரு மீனாட்சி கல்யாணம். கண்ணாடியின் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அடைந்திருக்கும். படத்தின் கீழ் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தால் சி. கொண்டையராஜு என்றோ, கொண்டையராஜுவும் டி. எஸ். சுப்பையாவும் என்றோ ஆங்கில எழுத்தில் கையொப்பம் தெரியக்கூடும். கும்பிடுகிறவர்கள் சாமியின் முகத்தைப் பார்க்கிறார்கள். முகத்துக்குப் பின்னால் நீல மலை அடுக்கு, அதிலிருந்து இறங்கும் ஓடை, தாமரை பூத்த குளம், அந்தி வெளிச்சம் ஏறிய மேகம் என்று ஒரு நிலம் முழுசாக விரிந்து கிடப்பதை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

வெளியே வந்தால் எதிரே கிடப்பது வேறு நிலம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், உடைமரம், வேலிக்கருவேல், தூரத்தில் ஒற்றைப் பனை, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் காத்திருக்கும் கண்மாய். இந்த மண்ணில் 34 ஆண்டுகள் வாழ்ந்த ஓவியர், லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த தம் படங்களில் ஏன் வேறொரு நிலத்தை வரைந்தார்? அந்த நிலம் எங்கிருந்து வந்தது? கொண்டையராஜுவைத் தெய்வ ஓவியர், காலண்டர் ஓவியர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர் ஒரு நிலக்காட்சி ஓவியரும்தான் என்று வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கேள்விகளுக்கு வழி கிடைக்கிறது.

அவர் கரிசல்காட்டுக்காரர் அல்ல. 1898-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். பயின்றது சென்னை ஓவியப் பள்ளியில். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. ஐரோப்பிய முறையில் தூரத்தையும் அண்மையையும் காட்டுவது, ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து நிழல் போடுவது, உடலின் அளவுகளைச் சரியாகப் பிடிப்பது ஆகியவை அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்டன. படித்து முடித்தவர் ஓவிய வேலை தேடி நேராக ஓடவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். அந்தத் துறவு மனம் கடைசிவரை அவரை விடவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்து சேர்க்கவில்லை. சீடர்களோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் வாழ்ந்தார்.

ஆசிரமத்தை விட்டு வந்தவரை நாடகக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அவருடைய நிலத்தின் விதை அங்கேதான் விழுந்தது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பார்சி நாடகக் குழுக்கள் வந்துபோன பிறகு தமிழ் மேடை மாறியது. கூத்துக்கு மைதானமும் விளக்கும் போதும். புது நாடகத்துக்குப் படுதா வேண்டும். தெரு, அரண்மனை, தர்பார், நந்தவனம், காடு, சிறை என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திரை. சி. கன்னையா போன்றவர்கள் காட்சி ஜோடனைக்காகவே பெயர் வாங்கினார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களைக் கேட்க வந்த கூட்டம் பாட்டுக்கு எவ்வளவு வந்ததோ, அவ்வளவு சீன் பார்க்கவும் வந்தது. கம்பெனி ஊர் ஊராகப் போகும்போது இந்தத் திரைகளைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக் கூடவே கொண்டுபோக வேண்டும். கிழிந்ததைத் தைத்து, மங்கினதை மறுபடி தீட்டி, புது நாடகத்துக்குப் புதுத் திரை எழுதிக் கொடுக்க ஓவியர்கள் கம்பெனியோடேயே இருந்தார்கள்.

திரை எழுதும் வேலைக்குத் தனி இலக்கணம் உண்டு. வண்ணப்பொடியைப் பசையில் கலந்து, ஆள் உயரத்துக்கும் மேலான துணியில் வேகமாக வேலை செய்ய வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் மலை மலையாகத் தெரிய வேண்டும். அதே சமயம் திரைக்கு முன்னால் நிற்கும் நடிகனை மலை அமுக்கிவிடக் கூடாது. ஆகவே தூரத்துப் பொருள்களை நீலத்திலும் ஊதாவிலும் கரைத்துவிடுவார்கள். அடர்ந்த நிறங்களை ஓரங்களில் மரமாகவும் தூணாகவும் நிறுத்துவார்கள். நடுவில் வெளிச்சமான வெற்றிடம் ஒன்றை விட்டுவைப்பார்கள். நடிகன் வந்து நிற்க வேண்டிய இடம் அது. கொண்டையராஜுவின் காலண்டர் படம் எதையும் இந்த நினைப்போடு ஒருமுறை பார்க்க வேண்டும். இரு பக்கமும் மரமோ மண்டபத் தூணோ, நடுவில் ஒளி, அந்த ஒளியில் நம்மைப் பார்த்து நேராக நிற்கும் தெய்வம். நிலம் உள்நோக்கி ஓடுகிறது, தெய்வமோ அதோடு உள்ளே போகாமல் முன்னால் வந்து நம்மோடு கண் சேர்க்கிறது. ஐரோப்பியப் பார்வைமுறையும் கோயில் தரிசனமும் ஒரே தாளில் சண்டையில்லாமல் இருப்பது இப்படித்தான். இதை அவர் தாளில் கண்டுபிடிக்கவில்லை, மேடையில் கற்றுக்கொண்டு தாளுக்குக் கொண்டுவந்தார் என்பதே இக்கட்டுரையின் முதல் முடிவு.

1942-இல் அவர் இருந்த நாடகக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பேசும்படம் வந்து பத்தாண்டு ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் கலைந்துபோன கம்பெனிகள் பல. மற்றவர்கள் அவரவர் ஊருக்குப் போக, கொண்டையராஜு அங்கேயே தங்கிவிட்டார். சுப்பையா முதலிய இளைஞர்கள் அவரோடு சேர, தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. புகைப்படம் எடுப்பது, எடுத்த படத்துக்கு வண்ணம் தீட்டுவது, இறந்துபோன பெரியவர்களின் உருவத்தைப் பெரிதாக எழுதிக் கொடுப்பது, சாமி படம் எழுதுவது என்று எல்லா வேலையும் நடந்தது. டி. எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், செண்பகராமன், புகைப்படக்காரர் சீனிவாசன் என்று அந்தக் கூடத்திலிருந்து வந்தவர்களின் வரிசை நீளம். குரு எழுதியதைச் சீடர் முடிப்பதும், சீடர் தொடங்கியதைக் குரு திருத்துவதும் அங்கே இயல்பு. கையொப்பத்தில் இரண்டு பெயர் சேர்ந்து வருவதற்கு அதுவே காரணம். தனி மேதையின் கை என்று தேடுகிற கலை விமர்சனம் இந்தக் கூட்டு வேலையைக் கண்டுகொள்ளாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சிவகாசி. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923-இல் தொழிற்சாலை தொடங்கிய கதை தெற்கே எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். 1920-களின் இறுதியில் லித்தோ இயந்திரங்கள் வந்தன. நிறத்துக்கு ஒரு கல் என்று பிரித்து, புள்ளி புள்ளியாகக் கையால் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை. பின்னால் ஆஃப்செட் வந்தது. தீப்பெட்டி லேபிளில் தொடங்கிய அச்சு, பட்டாசு உறைக்கும் அங்கிருந்து காலண்டருக்கும் போனது. முன்பு இங்கே விற்ற சாமி படங்களில் பல ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. போர்கள் அந்த வழியை அடைத்த பிறகு, சிவகாசிக்குப் படம் எழுதித் தர ஆள் தேவைப்பட்டது. ஆள் பக்கத்திலேயே, ரயில் நிற்கும் ஊரில், நாடகத் திரை எழுதிப் பழகிய கையோடு இருந்தார்.

சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் வேர்பிடிக்க அந்தப் பகுதியின் வறண்ட காற்று பெரிய காரணம். மருந்து நனையக் கூடாது, மை சீக்கிரம் உலர வேண்டும். வானம் பொய்த்த பூமியில் விவசாயம் கைவிட்டபோது குடும்பங்கள் தீப்பெட்டி ஒட்டப் போயின. அதே வறட்சிதான் அருவியும் தாமரைக் குளமும் அச்சான தாள்களை உலர்த்தியது. மழை இல்லாத ஊர்கள் இரண்டு, தமிழகத்துக்கும் வெளி மாநிலங்களுக்கும் நீர் நிறைந்த நிலக்காட்சிகளை அனுப்பிக்கொண்டிருந்தன என்பது வரலாற்று உண்மை.

இனி அந்த நிலத்தின் பூர்வீகம். ஒரு வேர் ரவிவர்மாவிடம் போகிறது. 1894-இல் அவர் தொடங்கிய அச்சகம் ஜெர்மன் தொழில்நுட்ப வல்லுநர்களோடு நடந்தது. பிறகு ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கே போனது. குளத்து நீரில் தாமரைமேல் நிற்கும் லட்சுமியும் நீர்க்கரையில் வீணையோடு இருக்கும் சரசுவதியும் வீடுகளுக்குள் வந்தது அந்த வழியில்தான். ரவிவர்மாவின் தம்பி ராஜராஜ வர்மா நல்ல நிலக்காட்சி ஓவியர். அண்ணனோடு கூடவே இருந்து வேலை செய்தவர். தெய்வப் படத்தின் பின்னணியைத் தனித் திறமையாக மதிக்க வேண்டும் என்பதற்கு அந்த அண்ணன் தம்பி ஒரு சாட்சி. ராஜஸ்தானத்து நாத்துவாராவிலும் இதே கதை: ஸ்ரீநாத்ஜி கோயிலைச் சுற்றி வாழ்ந்த பரம்பரை ஓவியர்கள் ஐரோப்பியக் காட்சி அச்சுகளைப் பார்த்து, கிருஷ்ணனுக்குப் பின்னே புது மலைகளையும் மாலை வானத்தையும் எழுதினார்கள். கோவில்பட்டியும் நாத்துவாராவும் வறண்ட ஊர்களாக இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒற்றுமை.

இன்னொரு வேர் ஆங்கிலேயப் பயண ஓவியர்களிடம் இருக்கிறது. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே வந்தார்கள். மதுரை அரண்மனை, மலைக்கோட்டைகள், பாபநாசத்து அருவி, குற்றாலம் என்று அவர்கள் தேடித் தேடி வரைந்தவை எல்லாம் ஓங்கியவை அல்லது நீர் விழுபவை. எழில் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ரசனை ஓவியப் பள்ளிப் பாடத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மேடு பள்ளம் இல்லாத கரும்பரப்புக்கு அந்த ரசனையில் இடமே இல்லை.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் மேற்கின்மேல் போட்டுவிட்டு நகர முடியாது. தமிழில் நிலமும் தெய்வமும் பிரிந்து நின்றதே இல்லை. தொல்காப்பியம் காட்டுக்கு மாயோனையும், மலைக்குச் சேயோனையும், வயலுக்கு வேந்தனையும், கடற்கரைக்கு வருணனையும் சொல்கிறது. நிலம் சொன்னால் தெய்வம் வரும், தெய்வம் சொன்னால் அதன் பூவும் பறவையும் நீரும் வரும். சிவகாசிப் படத்தில் முருகனுக்குப் பின்னால் மலையும், கண்ணனுக்குப் பின்னால் பசுக்கள் மேயும் காடும், செந்தூர் வேலனுக்குப் பக்கத்தில் கடலும் வருவதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கினால் இந்த நீண்ட பழக்கத்தைத் தவறவிட்டுவிடுவோம். வரைந்த முறை சென்னைப் பள்ளியிலும் நாடக மேடையிலும் கற்றது. எந்தச் சாமிக்கு எந்த நிலம் என்ற முடிவு மிகப் பழையது. அந்தத் தொல்காப்பியப் பகுப்பு பாலைக்கு மட்டும் தெய்வம் குறிக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வறண்ட நிலம் தெய்வம் இல்லாமல் விடப்பட்டது இலக்கணத்திலேயே தொடங்கிவிட்டது.

கரிசலுக்கு உண்மையில் தெய்வங்கள் ஏராளம். அய்யனார், கருப்பசாமி, சுடலைமாடன், பெயர் சொன்னால் ஊருக்கு ஒன்றாக அம்மன்கள். வெட்டவெளியில், மரத்தடியில், கண்மாய்க் கரையில் நிற்பவர்கள். கொண்டையராஜுவின் பெரும்புகழ் அவர்களை எழுதி வந்ததல்ல. மீனாட்சி கல்யாணம், கீதோபதேசம் போன்ற புராணக் காட்சிகளை எழுதி வந்தது. காலண்டரை வாங்கியவர்கள் வணிகர்கள். அடுத்த ஊர்க்காரனுக்கும் அடுத்த மாநிலத்துக்காரனுக்கும் அடையாளம் தெரிகிற சாமிதான் அவர்களுக்கு வேண்டும். ஓர் ஊரின் எல்லைச்சாமி எல்லை தாண்டி விற்காது. அதனால் நிலமும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, எல்லா ஊருக்கும் பொதுவான நிலமாக ஆனது.

இதே ஆண்டுகளில் இதே வட்டாரத்தில் கரிசல் நிலம் வேறொரு கையில் பதிவாகிக்கொண்டிருந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த மண்ணை எழுத்தில் கொண்டுவந்தார்கள். கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வெளிவந்தது. கொண்டையராஜு இறந்ததும் அதே 1976-இல், கோவில்பட்டியில். பின்னால் பூமணி, சோ. தர்மன் என்று அந்த எழுத்து வளர்ந்தது. வெயிலையும் வெடிப்பையும் பருத்திச் செடியையும் வாசகர் கண்ணில் நிறுத்தியவர்கள் எழுத்தாளர்கள். அந்த வெயிலில் வேலை செய்து வந்தவர்கள் வீட்டுக்குள் குளிர்ந்த நிலம் ஒன்றைத் தொங்கவிட்டவர் ஓவியர். இரண்டில் எது உண்மையான கரிசல் கலை என்று கேட்பது பொருந்தாது. காட்டில் நாள் முழுக்கக் களை வெட்டிவிட்டு வந்த பெண் விளக்கேற்றும்போது தாமரைக் குளத்தைப் பார்க்க விரும்பினாள் என்றால், அந்த விருப்பமும் கரிசலின் வரலாறுதான். எழுத்தில் வந்த கரிசலுக்குக் கிடைத்த ஆய்வும் மரியாதையும் சுவரில் தொங்கிய அந்த நிலத்துக்குக் கிடைக்காமல் போனது மட்டுமே குறை.

உலக ஓவிய வரலாற்றில் இதற்கு எதிர்த்திசையில் போன ஒருவரை நினைவுபடுத்திக்கொள்ளலாம். யோகான் கிறிஸ்டியன் டால் 1788-இல் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் ஏழை மீனவர் குடும்பத்தில் பிறந்தார். கோபன்ஹேகனில் பயின்று, 1818-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போனவர், 1857-இல் அங்கேயே இறந்தார். இடையில் சிலமுறை நார்வேக்குப் போய்க் குறிப்புப் படங்கள் எடுத்து வந்து, டிரெஸ்டனில் உட்கார்ந்து நார்வேயின் மலைகளையும் அருவிகளையும் புயலையும் பெரும் ஓவியங்களாக எழுதினார். நார்வே நிலக்காட்சி ஓவியத்தின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுகிறார். அவருக்கு நிலமே கதாநாயகன். மனிதர்கள் ஓரத்தில் சிறு புள்ளிகள். கொண்டையராஜுவின் பிரபலப் படங்களில் பிறந்த ஊர் மயிலாப்பூரின் கடற்கரையும் இல்லை, வாழ்ந்த ஊரின் கரிசலும் இல்லை. ஆனால் டாலின் ஓவியத்தைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கொண்டையராஜுவின் மலையும் நீரும் மளிகைக் கடைக்காரர் தந்த பொங்கல் அன்பளிப்பாக வீட்டுக்கே வந்தன. ஆண்டு முடிந்து தேதித் தாள்கள் தீர்ந்த பிறகும் படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார்கள். ஒரு நிலக்காட்சி ஓவியருக்கு இவ்வளவு பேர் இவ்வளவு நெருக்கமாக இருந்தது அபூர்வம்.

ஆய்வாளர்கள் இவரைக் கவனித்தது தாமதமாகத்தான். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ், மதுரைப் பக்கத்து வேளார் குயவர்களை ஆராய வந்தவர், பிறகு கொண்டையராஜுவையும் அவருடைய சீடர்களையும் பற்றி விரிவாக எழுதினார். கிறிஸ்டோபர் பின்னி 2004-இலும் கஜ்ரி ஜெயின் 2007-இலும் வெளியிட்ட நூல்கள் இந்திய அச்சுப் படங்களை அரசியலோடும் சந்தையோடும் வைத்துப் பார்த்தன. கஜ்ரி ஜெயினின் நூலில் சிவகாசிக்கு முக்கிய இடம் உண்டு. மூன்றுமே மதிப்புள்ள வேலைகள். ஆனால் அவற்றின் கவனம் தெய்வ உருவத்தின் மேலும், அதை வாங்கி விற்ற உலகத்தின் மேலும் இருக்கிறது. பின்னணியில் இருக்கும் நிலம் இன்னும் தனியாக ஆராயப்பட வேண்டும். எந்த ஆண்டில் எந்த மலை வந்தது, மேகம் எப்போது மாறியது, குருவின் மரத்துக்கும் சீடரின் மரத்துக்கும் என்ன வேறுபாடு என்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்கு நேரம் குறைவு. ஓவியர் அட்டையில் எழுதிக் கொடுத்த மூலப்படத்தை அச்சகம் விலைக்கு வாங்கும். அதோடு உரிமையும் போய்விடும். மறு அச்சின்போது உருவத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னணியை அந்தந்தக் கால ரசனைக்கு மாற்றிவிடுவது தொழிலில் சகஜம். முகம் பிழைத்தது, நிலம் அழிந்தது. கணினி வந்த பிறகு இது இன்னும் எளிதாகிவிட்டது. பழைய லித்தோ, ஆஃப்செட் பிரதிகளில்தான் கொண்டையராஜு எழுதிய மலையும் நீரும் அவர் எழுதியபடி மிஞ்சியிருக்கின்றன. அவையும் ஒவ்வொரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் ஒன்றிரண்டாகக் குறைகின்றன. சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒரு மழையில் தாள் ஊறிப்போகிறது.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அதற்குக் குறையாத பெருமை இந்த ஓவியக் கூடத்துக்கு உண்டு. சிவகாசி அச்சகங்கள் தங்கள் கிடங்குகளில் இருக்கும் மூலப்படங்களைப் பட்டியலிட்டு வண்ணப் பிரதி எடுக்க அனுமதிக்க வேண்டும். வட்டாரத்துக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை வீடு வீடாக அனுப்பி, கையொப்பம் உள்ள படங்களைப் படமெடுத்து, அச்சகப் பெயரோடும் ஆண்டோடும் தொகுக்கலாம். பெரிய பணம் தேவைப்படாத வேலை இது. இதைப் படிக்கும் கரிசல் வட்டாரத்து வாசகர்கள் பூசையறையில் இருக்கும் பழைய படத்தை இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, கீழ் ஓரத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டையராஜு, சுப்பையா, அருணாசலம், ராமலிங்கம், செண்பகராமன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அந்தப் படத்தை மரத்தடிக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் வைக்க முடியாவிட்டால், பாதுகாக்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள்.